மரத்துப்போன வலது கை

“கைதானே விழுந்துது, தலைய எதுக்குப் படம் எடுத்தாவ?” என்று உலகம்மாள் அக்கா முதல் நாள் என்னிடம் கேட்டார். அவர் கணவர் பூதலிங்கத்துக்குப் பேச்சுப் பயிற்சி கொடுக்க வந்தவள் நான். எனக்குத் தமிழும் மலையாளமும் எழுதப் படிக்கத் தெரியும் என்பதால் ஆஸ்பத்திரியில் என்னை அனுப்பியிருந்தார்கள். கையில் கோளாறு இல்லை என்றேன். வலது கையை அசைக்கும் கட்டளை மூளையின் இடது பாதியில் கிளம்பி, மூளைத்தண்டின் அடியில் மறுபக்கம் தாண்டி, தண்டுவடம் வழியாக இறங்குகிறது; பேச்சும் பெரும்பாலும் அந்த இடது பாதியில்தான்; அங்கே போகும் ரத்தக்குழாயை உறைந்த ரத்தம் அடைத்துவிட்டது என்று சொன்னேன். அவர் கொஞ்ச நேரம் கணவரின் தலையையே பார்த்தார். பிறகு கை விழுந்த அன்று காலை நடந்ததைச் சொன்னார். ஏழு மணிக்கு ஆரியசாலைச் சந்தையில் லாரியிலிருந்து வெங்காய மூட்டை இறக்கும்போது கை மரத்தது. கூட இருந்தவர்கள் கழுத்துப் பிடிப்பு என்றார்கள். வீட்டுக்கு வந்தவருக்கு முறிவெண்ணெயைச் சூடாக்கித் தேய்த்துப் படுக்கவைத்திருக்கிறார். ஒரு மணிக்கு எழுப்பியபோது பேச்சில்லை.

“நேரத்தே கொண்டு வந்திருந்தா சரியாயிருக்குமா மக்கா?”

டாக்டரிடம் கேளுங்கள் என்று சொல்லிவிட்டு, கோப்பைப் புரட்டினேன்.

நாகர்கோவில் பக்கத்திலிருந்து, மலையாளம் பேசும் இந்த ஊருக்குப் பத்தொன்பது வயதில் வந்தவர் பூதலிங்கம். முப்பத்து நான்கு வருடம் பிடரியில் மூட்டை சுமந்தார். சுமட்டுக்காரர்களுக்குக் கை மரப்பது வாரத்துக்கு ஒருமுறை வருவது; எண்ணெய் தேய்த்துத் தூங்கினால் போய்விடும். எத்தனையோ தடவை அப்படிப் போயும் இருக்கிறது. அதனால்தான் அன்று யாருக்கும் சந்தேகம் வரவில்லை.

பயிற்சியில் அவருக்கு எண்கள் மட்டும் தடையில்லாமல் வந்தன. மூட்டை எண்ணிய பழக்கம். ஒந்நு, ரண்டு, மூந்நு என்று மலையாளத்தில் இருபது வரை போவார். பலமுறை சொல்லி ஊறிய தொடர்கள் இப்படித் தப்பிப் பிழைப்பதுண்டு. மனைவியின் பெயரைக் கேட்டால் உதடு கூடும், சத்தம் வராது.

“முப்பது வருசமா என்னையா கெட்டினாரு, மூட்டையல்லா கெட்டினாரு” என்பார் அக்கா. பூதலிங்கம் வாயின் இடது பக்கத்தால் மட்டும் சிரிப்பார்.

கேட்பது எல்லாம் அவருக்குப் புரிந்தது. ஒரு நாள் காகிதத்தில் மூளையை வரைந்து காட்டினேன். செத்த நரம்பணுக்கள் திரும்ப வராது, பக்கத்தில் இருப்பவை கொஞ்சம் வேலை பழகிக்கொள்ளும் என்றேன். அவர் இடது கையால் சுவர்க் கடிகாரத்தைக் காட்டினார், பிறகு தன் தலையை. நான் புரியாததுபோல் இருக்கப் பார்த்தேன். அவர் விடவில்லை. நாலரை மணி நேரத்துக்குள் வந்திருந்தால் அடைப்பைக் கரைக்க மருந்து உண்டு என்று சொன்னேன்.

நான்கு மாதத்தில் இரண்டாவது அடைப்பு வந்தது. அவர் பிழைக்கவில்லை.

சான்றிதழுக்காக ஆஸ்பத்திரிக்கு வந்த அக்கா என் அறை வாசலில் நின்று அதே கேள்வியைக் கேட்டார். எப்போது கொண்டு வந்திருந்தாலும் இப்படித்தான் ஆகியிருக்கும் என்றேன். நோயாளியின் வீட்டாரிடம் நான் தெரிந்தே சொன்ன ஒரே பொய் அதுதான். அக்கா முகத்தை முந்தானையில் புதைத்துக்கொண்டு பெஞ்சில் வெகுநேரம் உட்கார்ந்திருந்தார்.

மூளையை வரைந்து காட்டிய அன்று அக்கா சாயா வாங்கக் கீழே போயிருந்தார். மருந்தைப் பற்றிச் சொன்னதும் பூதலிங்கம் என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டார். மூன்று சொற்களுக்கு ஒரு நிமிடத்துக்கு மேல் ஆனது.

“அவட்ட… சொல்லண்டாம்… மக்கா.”