செவ்வாய்க்கிழமை மாப்பிள்ளை

மூன்று வருஷம் இருக்கும். மாசி மாதம், கரும்பு வெட்டு மும்முரமாக நடக்கிற நேரம். ஒரு செவ்வாய்க்கிழமை காலை ஒன்பதே கால் மணிக்கு விழுப்புரம் ரயில்வே ஸ்டேஷன் பக்கத்துத் தெரு ஒன்றில் என் வண்டியில் ஒருவர் ஏறினார். திண்டிவனத்தைத் தாண்டி எட்டு கிலோமீட்டரில் ஒரு கிராமத்து பஸ் நிறுத்தத்தில் இறங்க வேண்டும் என்று போனில் காட்டியது. ஒரு மணி நேர ஓட்டம். அதை நான் இரண்டு மணி நேரம் ஆக்கிய கதைதான் இது.

முதலில் என்னைப் பற்றிக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். இல்லாவிட்டால் நான் செய்த காரியம் உங்களுக்குப் பைத்தியக்காரத்தனமாகத் தெரியும். சொன்ன பிறகும் அப்படித்தான் தெரியும் என்றாலும் கொஞ்சம் குறைவாகத் தெரியும்.

பத்தாவது பரீட்சை எழுதப் போகிற வழியில் போர்வெல் லாரி ஏறி மத்தியப் பிரதேசம் போனவன் நான். அங்கே ஒரு வருஷம் கல்தூசி தின்றேன். அப்புறம் நாசிக்கில் வெங்காய லாரி, அப்புறம் பெங்களூரில் தண்ணீர் லாரி. ஓரிடத்தில் கால் தரிக்காது. ஊர் திரும்பி ஒரு தனியார் ஆம்புலன்சில் ஏறினேன். அதில் மட்டும் பதினோரு வருஷம் இருந்தேன். முதுகுத்தண்டில் தட்டு நகர்ந்து, இனிமேல் ஸ்ட்ரெச்சர் தூக்கினால் உன்னைத்தான் அதில் தூக்க வேண்டும் என்று டாக்டர் சொன்ன பிறகுதான் இறங்கினேன். அப்புறம் ஒரு பழைய கார், போனில் ஒரு ஆப், வாடகை ஓட்டம்.

கார் மாறிவிட்டது, கை மாறவில்லை. முதல் வாரம் முழுக்க சவாரி ஏற்றும்போதெல்லாம் வாசல் வரைக்கும் ரிவர்ஸ் எடுத்துப் போய் டிக்கியைத் திறந்து வைத்துக்கொண்டு நின்றேன். காலேஜ் பெண் ஒருத்தி மிகவும் மரியாதையாக, “அண்ணா, நான் கதவு வழியாவே ஏறிக்கட்டுங்களா?” என்று கேட்டாள். ஓடிபி எண் கேட்க வேண்டிய இடத்தில் “வயசு என்னா, சுகர் இருக்குதா?” என்று கேட்டு ஒரு பேங்க் மேனேஜரிடம் திட்டு வாங்கினேன். சைரன் சுவிட்ச் இருந்த இடத்தில் இந்தக் காரில் பாட்டுப் பெட்டி. அவசரம் என்றால் கை தானாக அங்கே போகும், பாட்டு அலறும்.

சரி, அந்தச் செவ்வாய்க்கிழமைக்கு வருகிறேன். ஏறியவருக்கு ஐம்பத்தைந்து, ஐம்பத்தாறு வயது இருக்கும். மடிப்புக்கூடக் கலையாத புது வெள்ளைச் சட்டை. வலது கையில் கவர் போட்ட ஒரு கோட்டு. மருந்து கம்பெனி ஆள் என்று நினைத்தேன். விக்கிரவாண்டி டோல்கேட் தாண்டும்போது கண்ணாடியில் பார்க்கிறேன், மனிதருக்கு வேர்த்துக் கொட்டுகிறது. ஏசி முழு வேகத்தில் ஓடுகிறது. இடது கையால் நெஞ்சை அழுத்திப் பிடித்திருக்கிறார். உதடு ஏதோ முணுமுணுக்கிறது.

மாரடைப்பு என்று நினைத்தேன். காரணம் இருக்கிறது. ஆம்புலன்ஸ் காலத்தில் ஒருவர் இப்படித்தான், “ஒண்ணுமில்லப்பா, வாயு” என்று சொல்லிப் பாதி வழியில் என்னை டீக்கடையில் நிறுத்தச் சொன்னார். நிறுத்தினேன். டீ வருவதற்குள் போய்விட்டார். அன்றிலிருந்து ‘ஒண்ணுமில்ல’ என்று யார் சொன்னாலும் நம்புவதில்லை.

“ஐயா, உடம்புக்கு என்னா பண்ணுது?” என்றேன்.

“ஒண்ணுமில்லீங்களே.”

போச்சு என்று நினைத்தேன்.

“இடது கை வலிக்குதுங்களா?”

“வலி இல்லீங்க. ரொம்ப நேரமா இப்படியே வச்சிக்கினு இருக்கறனா, மரத்துப்போச்சி.”

கையும் மரத்துவிட்டது. கால் தானாக ஆக்சிலரேட்டரை மிதித்தது. நினைவு தப்பாமல் பேச்சுக் கொடுத்துக்கொண்டே இருக்க வேண்டும், அது எங்கள் தொழில் பழக்கம்.

“எங்கங்க போறீங்க?”

“ஒரு கல்யாணங்க.”

“யாருக்குங்க கல்யாணம்?”

ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டு, “எனக்குத்தாங்க” என்றார்.

எனக்கு உறுதியாகிவிட்டது. செவ்வாய்க்கிழமையில் எங்கள் பக்கம் ஆட்டுக்குட்டி வாங்கக்கூட யோசிப்பார்கள். ஐம்பத்தாறு வயதுக்காரர், செவ்வாய்க்கிழமை, தன்னந்தனியாகக் கார் பிடித்துத் தன் கல்யாணத்துக்கே போகிறாராம். ஆளுக்கு மூளைக்கு ரத்தம் போகவில்லை. வழியில் இருந்த ஆஸ்பத்திரிக்குள் வண்டியைத் திருப்பினேன்.

“இங்க எங்கங்க போறீங்க? எனக்கு டைம் ஆவுதுங்க!”

“அதாங்க நானும் சொல்றேன், டைம் ஆவுது.”

அவசர சிகிச்சை வாசலுக்கு ரிவர்ஸ் எடுத்தேன். பதினோரு வருஷத்தில் அவ்வளவு நேராக நான் ரிவர்ஸ் எடுத்ததில்லை. ஸ்ட்ரெச்சர் வந்தது. அவர் இறங்கி ஓடப் பார்த்தார். பதற்றத்தில் நோயாளிகள் இறங்கி ஓடுவதும் எனக்குத் தெரிந்ததுதான். அள்ளிப் படுக்க வைத்தோம். என் முதுகு ‘படக்’ என்றது.

உள்ளே நர்சம்மா ஈசிஜி எடுக்கச் சட்டைப் பொத்தானைக் கழற்றப் போனார். அவரோ நெஞ்சிலிருந்து கையை எடுக்க மறுத்தார். “கைய எடுங்க” என்று நானும் சேர்ந்து இழுத்தேன். கை வந்தது. கூடவே சட்டையின் உள்பாக்கெட்டிலிருந்து ஒரு சின்ன சிவப்பு டப்பா கீழே விழுந்து திறந்துகொண்டது. மஞ்சள் கயிறு. அதன் நுனியில் சிலுவை போட்ட தாலி.

நர்சம்மா டப்பாவை எடுத்து ஓரமாக வைத்துவிட்டு, பொத்தானைக் கழற்றி ஒயர்களை ஒட்டினார். ஈசிஜி மிஷின் தன் வேலையை முடித்து நீளமாக ஒரு தாளைத் துப்பியது. நெஞ்சில் ஒரு கோளாறும் இல்லை.

நர்சம்மாதான் முதலில் சிரித்தார். அவரும் வேதக்காரர், எங்கள் பக்கம் கிறிஸ்தவர்களை அப்படித்தான் சொல்வோம். என்னைப் பார்த்து, “அட பேஜாரு புடிச்ச மனுசா! நாளைக்குச் சாம்பல் புதன். தவக்காலம் ஆரம்பிச்சிட்டா ஈஸ்டர் வரைக்கும் கோயில்ல கல்யாணம் கெடையாது. அதான் இன்னிக்கே வச்சிருக்காங்க. செவ்வாக்கெழமையாவது, வெள்ளிக்கெழமையாவது!” என்றார்.

எங்கள் பக்கத்தில் ஊருக்கு ஊர் மாதா கோயில் இருக்கிறது. அத்தனை வாசலிலும் நான் ஆம்புலன்ஸ் நிறுத்தியிருக்கிறேன். இது எனக்குத் தெரியவில்லை.

மறுபடியும் காரில் ஏறியபோது மணி பத்தே கால். கல்யாணம் பத்தரைக்கு. அவர் கோபப்படவில்லை. கோபப்பட்டிருந்தால் எனக்குக் கொஞ்சம் நிம்மதியாக இருந்திருக்கும். மெதுவாக ஒவ்வொன்றாகச் சொன்னார். முதல் மனைவி இறந்து ஆறு வருஷம். கல்யாணப் பெண் ஒரு பள்ளி ஹாஸ்டலில் சமையல் செய்கிறவர், வயது ஐம்பது. அவருக்கு இருபத்திரண்டு வயதில் நிச்சயமான மாப்பிள்ளை கல்யாணத்தன்று வராமலே போய்விட்டான். அன்றைக்குக் கோயிலில் மத்தியானம் வரைக்கும் உட்கார்ந்திருந்தவர், அப்புறம் கல்யாணமே வேண்டாம் என்று இருந்துவிட்டார்.

“நாந்தான் ரெண்டு வருசமா கேட்டுக் கேட்டு ஒத்துக்க வச்சேங்க. எம் பையனுக்குப் புடிக்கல, வரல. அவங்க அண்ணனுக்கும் புடிக்கல. ‘இவனும் வரமாட்டான் பாரு’ன்னு நேத்துகூட சொன்னாராம். பங்குச் சாமியாரு இன்னிக்கி மூணு ஊர்ல கல்யாணம் நடத்தி வைக்கணும். பதினொண்ணரைக்கு வேற ஊர்ல இருக்கணும். இத உட்டா நாப்பது நாளுங்க. திரும்பவும் அவங்கள ஒத்துக்க வைக்க என்னால முடியாது.”

“போன் பண்ணிச் சொல்லுங்களேன்” என்றேன். பண்ணினார். கோயிலுக்குள் இருப்பதால் யாரும் எடுக்கவில்லை.

நான் மிதித்தேன். கூட்டேரிப்பட்டு வந்ததும் எல்லாம் நின்றது. கரும்பு டிராக்டர் ஒன்று சாய்ந்து, சாலை முழுக்கக் கரும்பு. லாரி, பஸ், மல்லாட்டைக் கடலை மூட்டை ஏற்றிய மினி வண்டி என்று எறும்பு போகவும் இடமில்லை. என் கை தானாகச் சைரனுக்குப் போனது. பாட்டு அலறியது. முன்னால் நின்ற பைக்குக்காரன் திரும்பிப் பார்த்து, “பாட்டு நல்லா இருக்குது தலைவரே” என்றான்.

இறங்கிப் போய்க் கெஞ்சினேன். அவசரம் என்றேன். “யாருக்குய்யா அவசரம் இல்ல? நாங்க என்னா பிக்னிக்கா வந்திருக்கறோம்?” என்றார் லாரிக்காரர். பதினோரு வருஷம் நான் வந்தாலே சாலை இரண்டாகப் பிரியும். எனக்காகப் பிரிகிறது என்று ஒரு மூலையில் நினைத்துக்கொண்டு இருந்திருப்பேன் போலிருக்கிறது. அன்று தெரிந்தது, அது சைரனுக்கு.

ஓடி வந்து அவரிடம் சொன்னேன். “ஐயா, ஒரு வழிதான் இருக்குது. பின்னால படுத்துக்கங்க. நெஞ்சப் புடிச்சிக்கினு முனகுங்க. ஈசிஜி தாளும் கையில இருக்குது. மாரடைப்புன்னு சொல்லிப் போயிடலாம்.”

அவர் என்னை ஒரு பார்வை பார்த்தார். “கல்யாணத்தன்னிக்கு சாவற மாதிரி நடிக்கச் சொல்றீங்களா? மாட்டேங்க.”

பிறகு அவர் செய்ததை நான் எதிர்பார்க்கவில்லை. காரில் என் ஒருவனிடம் சொல்லவே ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்ட மனிதர், கவரைக் கிழித்துக் கோட்டை மாட்டினார். கீழே இறங்கினார். தாலி டப்பாவைத் தலைக்கு மேல் தூக்கிப் பிடித்துக்கொண்டு, தொண்டை கிழியக் கத்தினார்.

“ஐயா! அம்மா! எனக்குக் கல்யாணம்! பத்தரைக்குக் கல்யாணம்! பொண்ணு கோயில்ல உக்காந்திருக்குது! வழி உடுங்க!”

கரும்பு பொறுக்கிக்கொண்டிருந்த ஒரு அம்மா இடுப்பில் கை வைத்து நிமிர்ந்தார்.

“இந்த வயசுலயா?”

“ஆமாம்மா, இந்த வயசுலதான்!”

“செவ்வாக்கெழமையிலயா?”

“நாங்க வேதக்காரங்கம்மா!”

“அடி, அந்தக் கரும்ப ஓரமா இழுங்கடி! மாப்ள போவட்டும்!”

சிரிப்பு ஒரு வண்டியிலிருந்து அடுத்த வண்டிக்குப் பரவியது. லாரிக்காரர் முணுமுணுத்துக்கொண்டே பின்னால் எடுத்தார். “பொண்ணுகிட்ட நாந்தான் வழி உட்டேன்னு சொல்லணும்” என்றார். பஸ்ஸிலிருந்து விசில். அந்த அம்மா இரண்டு முழுக் கரும்பை ஜன்னல் வழியாக உள்ளே திணித்தார், சீர் என்று. “ஜல்தி, ஜல்தி” என்று பைக்குக்காரன் முன்னால் ஓட்டிக்கொண்டு போய் வழி எடுத்துக் கொடுத்தான். எத்தனையோ முறை அந்தச் சாலையை நான் பிரித்துக்கொண்டு போயிருக்கிறேன். ஜனங்கள் முகத்தைத் திருப்பிக்கொள்வார்கள், சிலர் கும்பிடுவார்கள். சிரித்துக்கொண்டு கை ஆட்டி யாரும் வழிவிட்டு நான் பார்த்ததில்லை.

கோயில் வாசலில் நிறுத்தியபோது பதினொன்று பத்து. பழக்க தோஷம், அங்கேயும் ரிவர்ஸ்தான் எடுத்தேன். சாமியார் பையை மாட்டிக்கொண்டு மோட்டார் சைக்கிள் பக்கத்தில் நின்றிருந்தார். பெண்ணின் அண்ணன் கையைக் கட்டிக்கொண்டு வந்தார்.

“வந்துட்டீங்களா? பாதி வழியில மனசு மாறி, மறுபடியும் மாறிடிச்சா?”

நான் குறுக்கே விழுந்தேன். “எம்மேலதாங்க தப்பு. மாரடைப்புன்னு நெனச்சி நாந்தான் ஆஸ்பத்திரிக்குத் தூக்கினு பூட்டேன்.”

“நல்ல கத. இதுக்கு எவ்ளோ குடுத்தாரு உனக்கு?”

அப்போது உள்ளேயிருந்து கல்யாணப் பெண் வந்தார். சந்தன நிறப் பட்டுப்புடவை, தலையில் வெள்ளைப்பூ. அழுத முகம் இல்லை. இரண்டாம் தடவையும் இப்படித்தான் என்று தீர்மானித்துவிட்ட முகம். மாப்பிள்ளை கையில் இருந்த ஈசிஜி தாளை வாங்கினார். கோடுகளைப் பார்க்கவில்லை. மூலையில் அச்சாகியிருந்த நேரத்தைத் தேடிப் படித்தார். அண்ணனிடம் காட்டினார்.

“ஒம்போது அம்பத்தஞ்சி. இந்த நேரத்துக்கு இவரு ஆஸ்பத்திரியில படுத்துக்கினு இருந்திருக்காரு. ஓடல.”

பிறகு என்னைப் பார்த்தார். “இந்தக் கோடெல்லாம் ஒழுங்கா இருக்குதா?”

“ஒழுங்கா இருக்குதும்மா. கொஞ்சம் வேகம், அவ்ளோதான்.”

“இன்னிக்கி வேகமாத்தான் இருக்கணும்” என்று சொல்லிவிட்டு, மாப்பிள்ளையின் சட்டையில் மாற்றிப் போட்டிருந்த பொத்தானைச் சரி செய்தார்.

சாமியார் பையை இறக்கினார். பிரசங்கத்தை ஒரே வாக்கியத்தில் முடித்தார். அது என்னவென்று யாருக்கும் காதில் விழவில்லை. கல்யாணம் முடிந்து ரிஜிஸ்தரில் இரண்டு சாட்சி கையெழுத்து போட வேண்டும். பெண் பக்கம் அண்ணன் போட்டார், முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டுதான். மாப்பிள்ளை பக்கம் யாரும் இல்லை. அவர் என்னைப் பார்த்தார். “நான் வேதக்காரன் இல்லீங்களே” என்றேன். “நடந்ததைப் பாத்தீங்க இல்ல, அது போதும், போடுங்க, எனக்கு நேரமாவுது” என்றார் சாமியார். ஆஸ்பத்திரி ரிஜிஸ்தர்களில் நான் போட்ட கையெழுத்துக்குக் கணக்கில்லை. எல்லாம் ஒருவரைக் கொண்டுவந்து ஒப்படைத்ததற்குப் போட்டவை. இதுவும் கிட்டத்தட்ட அதுதான் என்று நினைத்துக்கொண்டு போட்டேன். எழுத்து மேலும் கீழுமாகக் கோணலாகப் போனது. அந்த அண்ணன் எட்டிப் பார்த்து, “இதுக்கு ஒரு ஈசிஜி எடுக்கணும்” என்றார். அன்று அவர் முதல் தடவையாகச் சிரித்தார்.

ஆப்பில் மாப்பிள்ளை எனக்கு மூன்று ஸ்டார்தான் கொடுத்திருந்தார். நேரத்துக்குக் கொண்டுபோய் விடவில்லை என்று காரணமும் எழுதியிருந்தார். நியாயம்தான்.

பதினோரு வருஷம் என் வண்டியில் படுத்துக்கொண்டு வந்தவர்களிடம் எங்கே போக வேண்டும் என்று நான் ஒரு தடவைகூடக் கேட்டதில்லை. இப்போது ஏறுகிற ஒவ்வொருவரிடமும் கேட்கிறேன், சொல்கிற பதிலை அப்படியே நம்பவும் செய்கிறேன், அன்று செவ்வாய்க்கிழமையாகவே இருந்தாலும்.