ஒரு நாள் ஜாஸ்தி

நல்லெண்ணெயில் பூண்டு வதங்கும் வாசனை எந்த வீட்டிலிருந்து வந்தாலும் எனக்கு இரும்புக் கதவும் ஃபினாயில் தெளித்த தரையும்தான் நினைவுக்கு வருகின்றன. என் முதல் ஆறு வருடங்கள் திருவண்ணாமலைக்கு அருகே ஒரு சிறையின் பெண்கள் பகுதியில் கழிந்தன. அம்மா எதற்காக உள்ளே போனாள் என்பது வேறு கதை. அங்கே யாராவது பிள்ளை பெற்று வந்தால், சமையல் வேலைக்குப் போகும் பெண்கள் பூண்டை வதக்கிச் சோற்றுக்கு அடியில் மறைத்துக் கொண்டுவருவார்கள். பால் ஊற வேண்டுமே. ஒருத்தி தன் பங்கு முட்டையைத் தருவாள், இன்னொருத்தி பழைய புடவையைத் துண்டு துண்டாகக் கிழித்துத் தருவாள். "வார்டர் அக்கா" வேறு பக்கம் பார்த்துக்கொள்வார்.

நான் பிறந்தது பௌர்ணமி ஞாயிற்றுக்கிழமை. விடியும்போதே அம்மாவுக்கு வலி கண்டுவிட்டது. கைதியை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக வண்டி மட்டும் போதாது, காவலுக்குப் போலீஸ் வேண்டும். அன்றோ போலீஸெல்லாம் கிரிவலப் பாதையில் "பந்தோபஸ்து". ஊரில் பிரசவம் பார்த்துப் பழகிய முனியம்மா பெரியம்மாவும் அங்கே கைதிதான். "போலீஸு மலைய சுத்தி வர்ற வரைக்கும் உன் புள்ள காத்திருக்காதுடி" என்று கேலி பேசியபடியே என்னை வெளியே எடுத்தாளாம். மறுநாள் காலைதான் வண்டி கிளம்பியது. ஆஸ்பத்திரியில் என் பிறந்த நாளைத் திங்கட்கிழமை என்றே எழுதிவிட்டார்கள்.

திருத்தச் சொல்லி மனு எழுதப்போன அம்மாவைப் பெரியம்மா தடுத்தாள். "இருக்கட்டும் விடும்மா. ஆறு வயசு முடிஞ்சா புள்ளைய வெளிய அனுப்பிடுவாங்க. உன்கிட்ட ஒரு நாள் ஜாஸ்தியா இருந்துட்டுப் போவட்டும்."

ஆறு வருடம் கழித்து நான் நிஜமாகப் பிறந்த தேதி மறுபடி ஞாயிற்றுக்கிழமையிலேயே வந்தது. பிற்பாடு நாட்காட்டியில் சரிபார்த்திருக்கிறேன். அன்று தையல் வேலைக்கு விடுமுறை. அம்மா காலையிலிருந்து என் தலையைப் பின்னினாள், பிரித்தாள், மறுபடி பின்னினாள். "எத்தினி வாட்டிடி பின்னுவ, முடி கையோட வந்துடப்போவுது" என்று பெரியம்மா அதட்டியும் நிறுத்தவில்லை. திங்கள் காலை கீழ்பென்னாத்தூரிலிருந்து சித்தி வந்து என்னைக் கூட்டிப்போனாள். அந்தப் பின்னலை நான்கு நாள் யாரையும் தொட விடவில்லை என்று சித்தி சொல்வாள்.

அம்மா விடுதலையாகி வந்தபோது நான் கல்லூரியில் இருந்தேன். முடியைக் குட்டையாக வெட்டியிருந்தேன். அவள் அதைக் கழுத்து வரை விரலால் கோதிப் பார்த்தாள்.

இப்போது அந்தக் கட்டடம் இல்லை, பெரியம்மா இல்லை, அம்மாவும் இல்லை. திருவிழா அழைப்பிதழில் ஒரு தேதி பிசகினாலும் உட்கார்ந்து கடிதம் எழுதுகிறவள் நான். என் சான்றிதழ்கள் அத்தனையிலும் திங்கட்கிழமையின் தேதிதான் இருக்கிறது. அதை மட்டும் திருத்தக் கேட்டு இதுவரை எழுதவில்லை.