பொன்னாடை விழுந்த இடம்

அத்தான் வீட்டு அலுமாரியின் மேல்தட்டில் ஒரு கறுத்தப் பெட்டி இருக்கிறது. திறந்தால் முதலில் தெரிவது மண்டலின் அல்ல, ஒரு பொன்னாடை. சரிகை உரிந்து, மடிப்புகளில் நிறம் போய், தூசி படாமல் வாத்தியத்துக்குப் போர்த்தியிருக்கிறது. போன கிழமை நான் ஒஸ்லோ நகரின் ரொம்சோஸ் பகுதியில் இருக்கும் அவர்கள் வீட்டுக்குப் போனபோது அக்கா அதை வெளியே எடுத்து உதறிக்கொண்டிருந்தார். எங்கள் ஆட்கள் இங்கே எத்தனையோ பேருக்குப் பொன்னாடை போர்த்தியிருக்கிறார்கள். அதில் பாதி அடுத்த விழாவில் வேறொருவர் தோளுக்குப் போய்விடும். இது ஒன்றுதான் போன இடத்திலேயே தங்கிவிட்டது.

அத்தான் என் அக்காவின் கணவர். புளூகிராஸ் கலைஞர். இதைச் சொன்னால் கூடவே ஒரு விளக்கமும் சொல்லவேண்டி வரும். எனக்கே அலுத்துவிட்டது, இருந்தாலும் சொல்கிறேன். அமெரிக்க மலைநாட்டு இசை அது. மேளம் கிடையாது. பாஞ்சோ, வயலின், கிற்றார், ஆளுயர பேஸ், மண்டலின், அவ்வளவுதான். ஐந்து பேரும் ஒரே ஒலிவாங்கியைச் சுற்றி நிற்பார்கள். முறை வந்தவர் முன்னே வருவார், மற்றவர்கள் பின்னுக்கு விலகுவார்கள். முறை முடிந்தால் அவரும் விலகி இடம் விடவேண்டும். தன் முறை இல்லாத நேரமெல்லாம் மண்டலின்காரர் கம்பியை அமத்தி 'சக், சக்' என்று வெட்டிக்கொண்டிருப்பார். மேளத்தின் வேலையை அவர்தான் பார்க்கவேண்டும். அத்தான் தன் வாழ்நாளில் வாசித்ததில் முக்கால்வாசி இந்த 'சக்'தான். ஒடுக்கமான குசினியில் அக்கா அடுப்பிலிருந்து திரும்பினால், நிமிர்ந்து பாராமலே விலகி வழிவிடுவார். அது மேடையில் பழகிய பழக்கமா, வீட்டில் பழகியதா என்று நான் பகிடி பண்ணுவதுண்டு.

யாழ்ப்பாணத்தில் அவர் கோயில் திருவிழாக்களில் சினிமாப் பாட்டு வாசித்த ஓர் இசைக்குழுவில் இருந்தவர். எண்பதுகளில் நோர்வேயின் வடகோடியில் இருக்கும் பாட்ஸ்பியோர்ட்டுக்கு மீன் தொழிற்சாலை வேலைக்கு வந்தபோது கையில் ஒன்றும் இல்லை. நாள் முழுக்க ஐஸ் தண்ணீரில் நின்று மீனைச் சதையாக வெட்டும் வேலை. பக்கத்தில் நின்று வெட்டிய நோர்வேக்காரர் ஒருவர் பாஞ்சோ வாசிப்பவர். அவர் வீட்டுச் சுவரில் சும்மா தொங்கிய மண்டலினைக் கண்டு இவர் கழற்றி வாசித்திருக்கிறார். சூரியன் எட்டிப் பாராத மாதங்களில் வேறென்ன செய்வது என்றுதான் தொடங்கியதாம். பிறகு அந்த மனிதர் ஒஸ்லோவுக்கு வந்து ஒரு குழு தொடங்கியபோது, அத்தானைத்தான் முதலில் தேடினார்.

இரண்டாயிரத்தின் முதல் வருடங்களில் அந்தக் குழுவுக்கு ஓரளவு பெயர் இருந்தது. கோடையில் சின்ன ஊர்களின் இசைவிழாக்கள், மற்றக் காலத்தில் மதுக்கடை மேடைகள். 'வெகு தொலைவில் இலங்கையிலிருந்து' என்றுதான் ஒவ்வொரு முறையும் அறிமுகப்படுத்துவார்கள். மனிதர் ரொம்சோஸிலிருந்து சுரங்க ரயிலில் வந்திருப்பார். எங்கள் ஆட்களோ, "எங்கட பாட்டு ஒண்டும் வாசிக்க மாட்டீரோ?" என்பார்கள். அத்தான் இரண்டு பக்கத்துக்கும் ஒரே சிரிப்பைத்தான் சிரிப்பார். அந்தச் சிரிப்பில் களைப்பைத் தவிர வேறொன்றும் இருந்ததாக எனக்குத் தெரியவில்லை. விடியமுன் பாண் சுடும் தொழிற்சாலையில் வேலை. அக்காவுக்குப் பின்னேரங்களில் கந்தோர்கள் துப்புரவாக்கும் வேலை. இருவரும் வீட்டில் ஒன்றாக விழித்திருப்பதே அரிது.

அக்கா ஒருநாளும் அவர் வாசிக்கக் கேட்கப் போனதில்லை. சனி ஞாயிறிலும் வேலை இருந்தது. இல்லாத நாட்களில் "வெறிகாரர் கூடுற இடம்" என்று சொல்லிவிடுவார். குழு ஓர் இசைத்தட்டு வெளியிட்டது. அக்கா அதைப் போட்டுக் கேட்டுவிட்டு, "இதிலை உங்கட சத்தம் எது?" என்று கேட்டார். அத்தான் 'சக்' வரும் இடத்தைக் காட்டினார். "இதுக்கோ இவ்வளவு பாடு" என்றார் அக்கா. பகிடியாகத்தான் சொன்னார். ஆனால் அதற்குப் பிறகுதான் அத்தான் சொந்தமாக ஒரு மெட்டு கட்டத் தொடங்கினார். அக்கா வேலையால் வரும்வரை குசினி மேசையில் இருந்து கட்டிய மெட்டு. முழுக்க மண்டலினுக்காகவே. அக்காவை முன்வரிசையில் இருத்தி ஒருமுறை அதை வாசித்துவிடவேண்டும் என்று என்னிடம் மட்டும் சொல்லியிருந்தார்.

அதற்குள் கை முந்திக்கொண்டது. மீன் வெட்டிய காலத்து விறைப்பு வலது மணிக்கட்டில் தங்கிவிட்டிருந்தது. கம்பியை மீட்ட விரலுக்கிடையில் வைத்த தட்டி கீழே விழுவதுகூட அவருக்குத் தெரிவதில்லை. நரம்பு நெரிபட்டிருக்கிறது, வெட்டினாலும் பழையபடி வராது என்று டாக்டர் சொல்லிவிட்டார். குழு இன்னொரு மண்டலின்காரரைப் பார்த்துக்கொண்டது. அதில் கோபப்பட ஒன்றும் இல்லை, முறை முடிந்தால் விலகவேண்டும் என்றார் அத்தான். அந்த நேரத்தில்தான் பக்கத்துப் பகுதியான குரோருட்டில் எங்கள் ஆட்களின் ஆண்டு விழா வந்தது. குழுவோடு வந்து வாசிக்கக் கேட்டார்கள். அதுதான் தன் கடைசி நிகழ்ச்சி என்று அத்தான் தீர்மானித்தார். அக்காவும் வருவதாகச் சொன்னார்.

வந்தார். ஆனால் எங்கள் விழாவுக்கு வந்த பெண்ணைக் கதிரையில் இருக்க யார் விடுவார்கள்? வாசலில் கண்டவுடனேயே வடை சுடுவதற்குக் குசினிக்குள் தள்ளிக்கொண்டு போய்விட்டார்கள். குசினி மண்டபத்தின் பின்சுவரோடு இருந்தது. முன்வரிசையில் அத்தான் பார்த்துவைத்த கதிரையில் கடைசியில் நான் இருந்தேன்.

பேச்சுகள் நீண்டு, பிள்ளைகளின் நடனங்கள் நீண்டு, குழு மேடையேறப் பின்னேரமாகிவிட்டது. பிரதம விருந்தினர் மணிக்கூட்டைப் பார்த்தபடி இருந்தார். முதல் இரண்டு பாட்டும் எல்லோரும் சேர்ந்து வாசித்தார்கள். மூன்றாவதுதான் அத்தானின் மெட்டு. அவர் ஒலிவாங்கிக்கு முன்னே வந்தார், மற்ற நால்வரும் பின்னுக்கு விலகினார்கள். அத்தான் அப்படி வாசித்து நான் கேட்டதில்லை. அந்தக் கையா இது என்றிருந்தது. மெட்டு மெல்ல ஏறி, இனி இறங்கப்போகிறது என்று மனம் காத்திருந்த இடத்தில், விழாக்குழுத் தலைவரும் பிரதம விருந்தினரும் மேடையேறினார்கள்.

அவர்களைக் குறைசொல்லி என்ன? வெள்ளைக்காரர் நாலு பேரும் மரியாதையாகப் பின்னுக்குப் போக, எங்கள் ஆள் தனியே முன்னுக்கு நிற்கிறார். கௌரவிக்கும் நேரம் இதுதான் என்று நினைத்துவிட்டார்கள். பொன்னாடை தோளில் விழுந்து சரிந்து, மண்டலினையும் வலது கையையும் மூடிவிட்டது. மண்டபம் முழுக்கக் கைதட்டியது. அத்தான் பொன்னாடைக்குள்ளிருந்து கையை வெளியே எடுத்து, தட்டி விரலுக்கிடையில் இருக்கக் கும்பிட்டார். இது எங்கள் சடங்கு என்று நினைத்தோ என்னவோ, பின்னால் நால்வரும் கொஞ்ச நேரம் விடாமல் தாளம் போட்டுக்கொண்டே நின்றார்கள். மீண்டும் தொடங்குவார் என்று காத்திருந்தார்கள். அத்தான் ஒலிவாங்கியை விட்டு விலகிப் பின்னுக்குப் போய்விட்டார். அவர்களும் மெல்ல நிறுத்தினார்கள். எனக்கு அழுகை வந்தது, பக்கத்திலிருந்தவர் அதைப் பெருமை என்று நினைத்துக்கொண்டார்.

திரும்பி வரும் ரயிலில் அக்காவின் உடுப்பெல்லாம் எண்ணெய் மணம். அத்தான் யன்னலைப் பார்த்தபடி கேட்டார், "கேட்டனீரோ?"

"குசினியிலை புகை இழுக்கிற விசிறி போட்டுக்கிடந்தது. என்னத்தைக் கேக்கிறது" என்றார் அக்கா.

"ஓம்" என்றார் அத்தான். அதற்குப் பிறகு அவர் மேடையில் வாசிக்கவில்லை, வீட்டிலும் வாசிக்கவில்லை. அந்த மெட்டு எங்கும் பதிவாகவும் இல்லை.

இவையெல்லாம் நடந்து கனகாலம். போன கிழமை பொன்னாடையை உதறி மடித்தபோது அக்கா தன்னை அறியாமல் எதையோ முனகினார். முதலில் நான் கவனிக்கவில்லை. மெட்டு மெல்ல ஏறியது, ஏறி, இறங்கவேண்டிய இடத்தில் நின்றது. அந்த இடத்தை நான் எப்படி மறப்பேன்? அக்காவைப் பார்த்தேன். அவர் திரும்பிக் கதவு சாத்தியிருக்கிறதா என்று பார்த்தார்.

"விசிறியை நிப்பாட்டிப்போட்டு நிண்டு கேட்டனான்" என்றார் மெதுவாக. "குசினி முழுக்கப் புகை. எல்லாரும் என்னை ஏசினவை."

"பிறகேன் கேக்கேல்லை எண்டு சொன்னனீங்கள்?"

"கேட்டனான் எண்டால் எப்பிடி எண்டு கேப்பார். நல்லாயிருந்தது எண்டால் வாசிக்காத மிச்சத்தை நினைச்சு மனுசன் உருகிப்போகும். கேக்கேல்லை எண்டே இருக்கட்டும் எண்டு விட்டிட்டன். கை போன மனுசனிட்டை மிச்சத்தை எப்பிடியடா கேக்கிறது?"

பொன்னாடையை மண்டலின் மேல் போர்த்திப் பெட்டியைச் சாத்தினார். நான் வரவேற்பறைக்குப் போனேன். அத்தான் கதிரையில் கண்ணை மூடிக்கொண்டு இருந்தார், நித்திரை என்றுதான் நினைத்தேன். அறைக்குள் அக்கா மறுபடி முனகத் தொடங்கியது மெல்லக் கேட்டது. அத்தானின் இடது கை கதிரைப் பிடியில் தட்டத் தொடங்கியது. சக், சக். முறை அக்காவுடையது, இவர் பின்னுக்கு நின்று தாளம் போடுகிறார். எவ்வளவு காலமாக இது நடக்கிறதோ எனக்குத் தெரியாது. அக்காவின் குரல் அதே இடத்தில் நின்றுபோனது. அத்தானின் கை இன்னும் கொஞ்ச நேரம் தட்டிக்கொண்டிருந்துவிட்டு நின்றது.