எம்மெட் பச்சைத் தொப்பியை எடுத்த நாள்

ஸ்டோன் ஃபோர்க் பள்ளியின் கூடைப்பந்து அரங்கில் ஆட்டக் கடிகாரத்தை இயக்குபவர் வெர்லின் ஹேக்கெட். பகலில் சுண்ணாம்புக்கல் அறுக்கும் ஆலையில் வேலை. வெள்ளிக்கிழமை மாலையானால் உடம்பிலுள்ள கல்தூசி போகத் தேய்த்துக் குளித்து, வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு, ஆடுகளத்தின் ஓரத்து மேசையில் வந்து உட்கார்ந்துவிடுவார். அந்த மேசைக்கு ஒரு விதி உண்டு. அங்கே உட்காருகிறவர் கைதட்டக் கூடாது, கத்தக் கூடாது, எந்த அணி புள்ளி எடுத்தாலும் முகத்தில் காட்டிக்கொள்ளக் கூடாது. அவருடைய ஒரே மகன் எம்மெட் எகிறிப் பந்தை வளையத்துக்குள் அறைந்து, ஊரே எழுந்து நின்று கத்தும்போதும் வெர்லின் கடிகாரத்தைத்தான் பார்த்துக்கொண்டிருப்பார். அதில் அவருக்குப் பெருமை.

"என் பையன் விஷயத்துல நான் மூக்கை நுழைக்கிறதே இல்ல" என்பார்.

எம்மெட் எந்தக் கல்லூரிக்கு விளையாடப் போவான் என்பதிலும் தான் அப்படித்தான் நடந்துகொள்வதாக அவர் மனதார நம்பினார்.

ஆனால் அந்த வீட்டில் ஹார்மன் பல்கலைக்கழகத்தின் பச்சை நிறம் படாத இடம் கிடையாது. ஹார்மன், ஊரிலிருந்து ஒரு மணி நேர வண்டிப் பயணத்தில் இருந்தது. அதன் மார்ச் மாத ஆட்டங்களைத் தவறவிடக் கூடாது என்பதற்காகத் தன் கல்யாணத்தையே ஏப்ரலுக்குத் தள்ளி வைத்தவர் வெர்லின். அவர் மனைவி நோலா இதை இன்றும் சொல்லிச் சிரிப்பாள். எம்மெட் நடை பழகியது பச்சைக் காலுறையில். ஹார்மன் தோற்ற இரவுகளில் அப்பாவிடம் எதையும் கேட்கக் கூடாது என்பது, எழுத்துக்கூட்டிப் படிக்க வருவதற்கு முன்பே அவனுக்குத் தெரியும்.

பையன் ஆறடி ஒன்பது அங்குலம் வளர்ந்தான். கல்லூரிகள் அவனைத் தேடி வரத் தொடங்கியதும் ஊரும் அவனைப் பிடித்துக்கொண்டது. முடிவெட்டுகிற ஆர்லோ கத்தரியை அவன் காதோரம் வைத்துக்கொண்டே, "ஹார்மன்னு சொல்லு, இல்லாட்டி பாதித் தலையோடதான் வீட்டுக்குப் போவ" என்று மிரட்டுவான். தேவாலயத்தில் பாதிரியார் நோயாளிகளுக்காக ஜெபித்த மூச்சோடு எம்மெட்டின் நல்ல முடிவுக்காகவும் ஜெபித்தார். பள்ளி ஆட்டங்களுக்கு எங்கெங்கிருந்தோ பச்சைச் சட்டைக்காரர்கள் வந்தார்கள். அவன் பந்தைத் தொட்டாலே, "இங்கேயே இரு! இங்கேயே இரு!" என்று தரையை உதைத்துக் கத்தினார்கள். கடிகார மேசைக்கு நேர் பின்னால்தான் அவர்கள் உட்காருவார்கள். வெர்லின் திரும்பிப் பார்த்ததில்லை. அந்தச் சத்தம் முதுகில் வெயில் போல இதமாக இருந்தது என்பதை அவர் யாரிடமும் சொன்னதுமில்லை.

கடைசி வருடப் படிப்பு தொடங்குவதற்கு முந்தைய கோடையில் எம்மெட் மினசோட்டாவில் எர்லண்ட் என்ற சின்னக் கல்லூரியைப் பார்த்துவிட்டு வந்தான். அன்று சாப்பாட்டு மேசையில் அவன் பேசிய அளவுக்கு அதற்கு முன் பேசியதே இல்லை. ஏரி, படகு, ராஸ்மஸ்ஸன் என்ற வயதான பயிற்சியாளர், ஆட்டக்காரர்கள் தாங்களே சமைத்துச் சாப்பிடுவது என்று ஒன்று விடாமல் சொன்னான்.

"கடைக்குப் போனேன்ப்பா. யாருக்கும் என்னைத் தெரியல. 'தம்பி, அந்த மேல் தட்டுல இருக்கற டப்பாவை எடுத்துக் குடு'ன்னு ஒரு அம்மா கேட்டாங்க. அவ்வளவு உயரமா இருக்கறதுக்கு அங்க அதுதான் வேலை."

நோலா வாய்விட்டுச் சிரித்தாள். வெர்லின் உருளைக்கிழங்கை மசித்துக்கொண்டே, "அங்க குளிரு எலும்பை உடைச்சிரும்" என்றார். பிறகு, "சனிக்கிழமை ஹார்மன்ல பயிற்சி ஆட்டமாம். போலாமா?" என்றார்.

எம்மெட் தட்டைப் பார்த்து, "போலாம்ப்பா" என்றான்.

அக்டோபரில் பள்ளி அரங்கில் தொப்பி எடுக்கும் விழா ஏற்பாடானது. மேசையில் ஹார்மன், எர்லண்ட் உட்பட மூன்று கல்லூரிகளின் தொப்பிகளை வைப்பார்கள். பையன் எதை எடுத்துத் தலையில் வைக்கிறானோ அதுதான் அவன் முடிவு. அது வாய்ச்சொல்தான், நவம்பரில் பையனும் பெற்றவரும் கையெழுத்திட்டால்தான் உறுதி. எடுத்த பிறகு மனம் மாறிய பையன்களும் உண்டு. ஆனால் ஸ்டோன் ஃபோர்க்கில் அப்படி ஒருவனும் இருந்ததில்லை.

விழாவுக்கு முதல் நாள் காலை, காப்பிக் கடையில் ஆலைக்காரர்கள் வெர்லினைச் சூழ்ந்துகொண்டார்கள்.

"யோவ் வெர்லின், எங்க வயித்துல கொஞ்சம் பாலை வாருய்யா. எந்தத் தொப்பி?"

"அவன் முடிவுப்பா. நான் வாயைத் திறக்க மாட்டேன்" என்றார். திறக்காமல் இருந்திருக்கலாம். எல்லாக் கண்களும் தன் மேல் இருந்த அந்தச் சுகத்தில், கதவருகே போய்த் திரும்பி, "பச்சைச் சட்டையெல்லாம் துவைச்சு வெச்சிருக்கீங்கல்ல?" என்று கண்ணடித்துவிட்டுப் போனார்.

அது போதுமாயிருந்தது. மறுநாள் அரங்கம் முழுக்கப் பச்சை. எம்மெட் வாசலில் கால் வைத்ததுமே பள்ளி இசைக்குழு ஹார்மனின் வெற்றிப் பாட்டை அடித்து முழக்கியது. பச்சைக் கிரீம் பூசிய கேக் வெட்டத் தயாராக இருந்தது. எம்மெட் கூட்டத்தைப் பார்த்தான். பிறகு முன்வரிசையில் இருந்த அப்பாவைப் பார்த்தான். வெர்லின் அன்று கடிகார மேசையில் இல்லை, எந்த விதியும் அவரைக் கட்டவில்லை. அவர் முகம் பெட்ரோமாக்ஸ் விளக்கு மாதிரி எரிந்துகொண்டிருந்தது. பையன் பச்சைத் தொப்பியை எடுத்து வைத்துக்கொண்டான். அந்த அரங்கில் வாழ்நாளில் முதல் தடவையாக வெர்லின் தொண்டை கிழியக் கத்தினார்.

படம் எடுக்கும்போது எம்மெட் தன் கைபேசியை அப்பாவிடம் கொடுத்துவிட்டுப் போனான். சிறிது நேரத்தில் அது அடித்தது. ராஸ்மஸ்ஸன். வெர்லின் வெளியே தாழ்வாரத்துக்கு வந்து பேசினார்.

"அப்பாவா? நல்லதாப் போச்சு. வாழ்த்துச் சொல்லத்தான் கூப்பிட்டேன். கோபமெல்லாம் இல்ல" என்றார் பெரியவர். கொஞ்சம் நிறுத்தி, "ஆகஸ்ட்லயே எங்ககிட்ட வர்றேன்னு சொல்லிட்டான் உங்க பையன். அப்பாகிட்ட சொல்லக் கொஞ்ச நாள் குடுங்கன்னு கேட்டான். அவனை ஏற்கெனவே ஊரே இழுக்குது, நானும் ஒரு பக்கம் இழுக்க மாட்டேன். இனிமே நானாக் கூப்பிடவும் மாட்டேன். கையெழுத்துப் போடற நாள் வரைக்கும் அவன் இடம் காலியாத்தான் இருக்கும்னு மட்டும் அவன்கிட்ட சொல்லிடுங்க. சொல்வீங்கல்ல?"

"சொல்றேன்" என்றார் வெர்லின்.

உள்ளே கேக் வெட்டிக்கொண்டிருந்தார்கள். இப்போது வேண்டாம், வீட்டில் சொல்லலாம் என்று நினைத்தார். வீட்டில் அக்கம்பக்கத்தார் நிறைந்திருந்தார்கள். ஞாயிற்றுக்கிழமை சொல்லலாம் என்று நினைத்தார். ஞாயிறன்று பாதிரியார் எம்மெட்டை எழுந்து நிற்கச் சொல்லிக் கைதட்ட வைத்தார். ஊர் எல்லையில் பையனின் பெயரைப் பச்சை எழுத்தில் பெரிதாக எழுதிப் பலகை நட்டார்கள். ஆலையில் முதலாளியே இறங்கி வந்து கைகுலுக்கினார். ஒவ்வொரு நாளும் அந்தச் சொல் அவர் தொண்டை வரை வந்து திரும்பிப் போனது. ஒன்றிரண்டு வாரம் போனால் பையனே பழகிவிடுவான், பெரிய கல்லூரி, பெரிய அரங்கம், யாருக்குத்தான் கசக்கும் என்று தன்னையே தேற்றிக்கொண்டார். நோலாவிடம்கூட மூச்சு விடவில்லை.

நவம்பரில் கையெழுத்துப் போடப் பள்ளிக்குப் போகும் வழியில், வண்டியில் எம்மெட் கேட்டான்.

"அப்பா, அன்னைக்கு ராஸ்மஸ்ஸன் கூப்பிட்டிருந்தார் போல. போன்ல இருந்துச்சு."

"ஆமா. வாழ்த்துச் சொன்னார்."

"வேற?"

வெர்லின் சாலையைப் பார்த்தார். "வேற ஒண்ணுமில்ல."

"ஓ" என்றான் எம்மெட். அதற்குப் பிறகு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டான். இத்தனை நாளும் அவன் அந்தப் பதிலுக்காகத்தான் காத்திருந்தான் என்பது வெர்லினுக்குத் தெரிந்தது. வண்டியை ஓரம் கட்டியிருக்கலாம். கட்டவில்லை. பள்ளியில் மகன் கையெழுத்திட்டான். அதன் கீழே அப்பா கையெழுத்திட்டார்.

ஹார்மனில் முதல் வருடம் எம்மெட் களத்தில் இறங்க வாய்ப்பில்லாமல் பெஞ்சில் உட்கார்ந்திருந்தான். இரண்டாம் வருடம், பரம எதிரி அணியோடு நடந்த ஆட்டத்தின் கடைசி நொடிகளில் யாரும் மறிக்காமல் வளையத்தில் எறியும் தனி எறிகள் இரண்டு அவனுக்குக் கிடைத்தன. இரண்டும் வளையத்தில் பட்டுத் தெறித்தன; ஹார்மன் தோற்றது. முன்பு "இங்கேயே இரு" என்று கத்தியவர்கள் அவன் கைபேசிக்கு எழுதி அனுப்பிய வசவுகளை நோலா படித்துவிட்டுக் குளியலறையில் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். காப்பிக் கடையில், "என்னய்யா, உன் பையனுக்குக் கை நடுங்குமாமே?" என்று கேட்டார்கள். வெர்லின் பாதிக் காப்பியை அப்படியே விட்டுவிட்டு எழுந்து வந்தார். ஊர் எல்லைப் பலகையை ஒருநாள் யாரோ பிடுங்கிப் போட்டிருந்தார்கள்.

அந்தக் குளிர்காலத்தில் எம்மெட் எர்லண்டுக்கு எழுதி, இடம் உண்டா என்று கேட்டான். ராஸ்மஸ்ஸன் ஓய்வு பெற்றிருந்தார்; புதிய பயிற்சியாளரிடம் இடமில்லை. ஆனாலும் பெரியவர் அவனைப் போனில் கூப்பிட்டுப் பேசினார்.

பிறகு எம்மெட் வீட்டுக்குப் போன் செய்தான். வெர்லின்தான் எடுத்தார்.

"இடம் வெச்சிருக்கேன்னு உங்ககிட்ட சொன்னாராமே."

வெர்லின் நாற்காலியை இழுத்துப்போட்டு உட்கார்ந்தார்.

"வண்டியில நான் கேட்டேன்ப்பா."

"ஊரே அவ்வளவு ஆசையா இருந்துச்சுடா. நான் எப்படி…"

"ஊரு கத்தத்தான் செய்யும். அதுக்கு நான் காதைப் பொத்திக்குவேன். நீங்க கத்தாத ஆளுன்னு நம்பித்தானே உங்ககிட்ட கேட்டேன்?" அவன் குரல் உடைந்தது. "ஒரு வார்த்தைப்பா. போடான்னு ஒரே ஒரு வார்த்தை சொல்லியிருந்தா நான் போயிருப்பேன்."

அவன் பந்தை விட்டான், ஹார்மனை விட்டான். மினசோட்டாவில் ஏதோ ஓர் ஏரிக்கரையில் படகு பழுதுபார்க்கும் பட்டறையில் சேர்ந்துகொண்டான். குடும்பம் கூடும் நன்றி நாள் விருந்துக்கு வரவில்லை, கிறிஸ்துமஸுக்கும் வரவில்லை. வசந்தத்தில் நோலா தனியாக வண்டியோட்டிக்கொண்டு போய் அவனைப் பார்த்துவிட்டு வந்தாள். கூட வரட்டுமா என்று வெர்லின் கேட்டபோது அவள், "அவன் என்னை மட்டும்தான் வரச் சொன்னான்" என்றாள்.

அவள் திரும்பி வந்த அன்று வெர்லின் சூப் வைத்து, ரொட்டி சுட்டு, வாசலுக்கும் அடுப்புக்குமாக நடந்துகொண்டிருந்தார். அவள் மேலங்கியைக் கழற்றி மாட்டும் வரைகூட அவரால் பொறுக்க முடியவில்லை. கேட்க வேண்டியதை ஆலையில் நாள் முழுக்க மனதுக்குள் சொல்லிப் பார்த்து வைத்திருந்தார். என்னை மன்னிப்பானா, எப்போதாவது வருவானா என்று. ஆனால் வாயில் வந்தது வேறு.

"அங்க எங்கேயாவது விளையாடுறானா?"

நோலா மேலங்கியைப் பிடித்தபடியே அவரைத் திரும்பிப் பார்த்தாள்.

"இப்பவும் அதையா கேக்குற, வெர்லின்?" என்றாள். அவள் குரலில் கோபம்கூட இல்லை. சூப்பைத் தொடாமல் மாடிக்குப் போய்ப் படுத்துக்கொண்டாள்.