பெரிய மாப்பிள்ளை பணம் எடுத்த கதை

வண்டிகளுக்கு நம்பர் பிளேட் எழுதிப் பிழைக்கிறவருக்கு ஊர் வேறு என்ன பெயர் வைக்கும்? நம்பர்க்காரர் என்றுதான் எல்லோரும் கூப்பிட்டார்கள். மெக்கானிக் பட்டறைகளுக்கு நடுவில் அவர் கடை. இரண்டு பேர் உள்ளே நின்றால் மூன்றாவது ஆள் வெயிலில்தான் நிற்கவேண்டும். கை சுத்தம், எழுத்து முத்து முத்தாக இருக்கும். ஒரே ஒரு பழக்கம், எண்ணை வாய்விட்டுச் சொல்லிக்கொண்டேதான் எழுதுவார். தொழிலுக்கு வந்த புதிதில் ஒரு வண்டிக்கு முன்னால் ஒரு நம்பரும் பின்னால் ஒரு நம்பருமாக எழுதிக் கொடுத்துவிட்டார். வண்டிக்காரர் போலீஸ் ஸ்டேஷனில் ஒரு பகல் முழுக்க உட்கார்ந்துவிட்டு வந்து இவரை உண்டு இல்லை என்று ஆக்கினார். அன்றைக்கு ஒட்டிக்கொண்ட பழக்கம் இது. போனில் நம்பர் போட்டாலும், டிவியில் சேனல் மாற்றினாலும் வாய் முணுமுணுத்துக்கொண்டே இருக்கும்.

"உங்களுக்கு விரலுக்கும் நாக்குக்கும் ஒரே நரம்பு" என்பாள் மனைவி.

நல்ல மனிதர்தான். ஆனால் சகலை என்ற சொல்லைக் கேட்டால் போதும், வயிறு எரிய ஆரம்பித்துவிடும்.

சகலை, அதாவது மனைவியின் தங்கை புருஷன், மருந்து கம்பெனியில் விற்பனைப் பிரதிநிதி. மாதத்தில் பாதி நாள் ஊர் ஊராகச் சுற்றுகிறவர். எந்த ஊரில் எந்த விடுதியில் மூட்டைப்பூச்சி இல்லை என்பதிலிருந்து ரயிலில் எந்தப் பக்கம் வெயில் அடிக்கும் என்பது வரை அத்தனையும் அத்துபடி. மாமனார் வாயைத் திறந்தால் "சின்ன மாப்பிள்ளையைக் கேளுங்க" என்பார். மூத்தது மோழை, இளையது காளை என்று யாரும் இவர் முகத்துக்கு நேரே சொன்னதில்லை. சொல்லாவிட்டால் என்ன, கறிக்கடைக்குப் போவதற்குக்கூடச் சின்ன மாப்பிள்ளையிடம் யோசனை கேட்கிற வீட்டில் அதைத் தனியாக வேறு சொல்லவேண்டுமா?

மாமனாருக்குக் கண் ஆபரேஷன் என்று முடிவானது. பெரிய ஆஸ்பத்திரி, வெளியூர். இரண்டு மாப்பிள்ளைகளும் ஒரே பேங்க் கணக்கில் பணம் போட்டார்கள். கார்டு யார் கையில் இருப்பது என்று பேச்சு வந்தபோது, வழக்கம்போல எல்லோருடைய கண்ணும் சின்னவர் பக்கம் திரும்பியது. நம்பர்க்காரர் எழுந்தே நின்றுவிட்டார்.

"மூத்த மாப்பிள்ளைன்னு ஒருத்தன் இங்க உக்காந்திருக்கேன். கார்டு என்கிட்டதான் இருக்கணும். பேங்க் மெசேஜும் என் போனுக்குத்தான் வரணும்."

"தாராளமா வச்சுக்குங்க அண்ணே" என்றார் சகலை. அந்தத் தாராளம் இவருக்குப் பிடிக்கவில்லை. மறுத்துப் பேசியிருந்தால் ஜெயித்த திருப்தியாவது கிடைத்திருக்கும்.

ரயிலில் போகும்போது சகலை சும்மா வரவில்லை. "அண்ணே, வெளியூர்ல பணம் எடுக்கறதா இருந்தா பேங்குக்கு உள்ளேயே இருக்கற மெஷின்ல எடுங்க. கார்டு போடற வாயை ஒருதரம் ஆட்டிப் பாருங்க, மேல எதையாவது ஒட்டி வச்சிருப்பானுங்க. நம்பர் அமுக்கும்போது இன்னொரு கையால மூடிக்குங்க. உதவி பண்றேன்னு எவன் வந்தாலும் கார்டை மட்டும் கையில குடுத்துடாதீங்க."

மனைவி, பரீட்சைக்குப் படிக்கிற பிள்ளைபோல ஒவ்வொன்றுக்கும் தலையாட்டினாள். நான் இத்தனை வருஷமாகப் பேசுகிறேனே, ஒரு நாளாவது இவள் இப்படித் தலையாட்டியிருக்கிறாளா என்று நம்பர்க்காரர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். சகலையின் மனைவி எதிர் இருக்கையில் போனை நோண்டிக்கொண்டிருந்தாள். புருஷன் பேசியது அவள் காதில் விழுந்ததாகவே தெரியவில்லை.

ஆபரேஷன் அன்று காலை, தங்கியிருந்த விடுதியில் சகலை எழுந்திருப்பதற்கு முன்பே நம்பர்க்காரர் கிளம்பிவிட்டார். துணைக்கு அவர் வந்து நின்றால் எடுத்த பணத்துக்கும் அவருக்குத்தான் பெயர் போகும். பேங்கைத் தேடி அலையவும் பொறுமை இல்லை. பஸ் ஸ்டாண்டுக்கு எதிரில், பழக்கடை ஓரமாக ஒரு ஏ.டி.எம். இருந்தது. உள்ளே போனார். கார்டு வாயை ஆட்டினார். ஆடவில்லை. ஒரு கைக்குப் பதில் மடித்த செய்தித்தாளைக் கூரைபோலப் பிடித்துப் பொத்தான்களை மூடினார். சகலை இதையெல்லாம் செய்திருப்பானா என்று பெருமையாக நினைத்துக்கொண்டே ஒவ்வொரு எண்ணாக அமுக்கினார். எண்ணுக்கு ஒருதரம் வாயும் முணுமுணுத்தது. அந்தச் சின்ன அறையில் அது ஸ்பீக்கர் வைத்ததுபோலக் கேட்டிருக்கும்.

பணம் வந்தது. பின்னால் தொப்பி போட்ட ஒருவன் பவ்யமாக நின்றிருந்தான்.

"அண்ணே, என்னமா மூடுனீங்க! நானும் தினம் பாக்கறேன், இவ்வளவு உஷாரான ஆளை இன்னிக்குத்தான் பாக்கறேன்."

நம்பர்க்காரருக்கு உச்சி குளிர்ந்துபோயிற்று. கல்யாணமான நாளிலிருந்து மாமனார் வீட்டில் ஒருவர் வாயிலிருந்தும் வராத வார்த்தை, முன்பின் தெரியாதவன் வாயிலிருந்து வருகிறது!

"இருந்தாலும் மெஷின் உங்க கணக்கை இன்னும் மூடலைண்ணே. அடுத்து வர்றவன் எடுத்துட்டுப் போயிடுவான். கார்டை ஒருதரம் போட்டு எடுத்தா போதும். குடுங்க, இந்த மெஷின் கொஞ்சம் மக்கர் பண்ணும்."

கொடுத்தார். அவன் போட்டான், எடுத்தான், திருப்பிக் கொடுத்தான். "வரேண்ணே" என்று கும்பிடும் போட்டுவிட்டுப் போனான். நம்பர்க்காரர் கார்டைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு, ஒரு டீயும் குடித்துவிட்டு, ராஜநடை நடந்து விடுதிக்கு வந்தார்.

பெண்கள் இருவரும் ஆஸ்பத்திரிக்குப் போயிருந்தார்கள். சகலை கட்டிலில் உட்கார்ந்து தன் சட்டைக்குத் தானே பட்டன் தைத்துக்கொண்டிருந்தார். நம்பர்க்காரரின் போன் கூவியது. பணம் எடுக்கப்பட்டது என்று மெசேஜ். காலையில் எடுத்ததற்குத்தான் இப்போது வருகிறது என்று நினைத்தார். மறுபடியும் கூவியது. பையிலிருந்து கார்டை எடுத்துப் பார்த்தார். அதே நீலம், அதே பளபளப்பு. ஆனால் வேறு பேங்க், வேறு எவருடைய பெயரோ.

குளியலறைக்குள் போய்த் தாழ் போட்டுக்கொண்டார். பேங்குக்குப் போன் செய்யலாம் என்றால், கூப்பிடவேண்டிய எண் கார்டின் பின்பக்கத்தில் அல்லவா இருக்கும்? கையில் இருப்பதோ எவனுடைய கார்டோ. வெளியே உட்கார்ந்திருக்கிற மனிதரிடம் கேட்டால் இந்த நிமிடமே கிடைத்துவிடும். ஆனால் எந்த முகத்தோடு கேட்பது? சொல்லாமல் விட்டாலோ, மாமனாரின் கண்ணுக்கு வைத்த பணம் கண்ணெதிரே போய்க்கொண்டிருக்கிறது. மூன்றாம் தடவை போன் கூவியபோது மானம் தோற்றது.

"சகலை... கார்டை மாத்திட்டான்."

சகலை ஊசியைக் கீழே வைத்தார். எப்படி, எங்கே, நான் சொன்னேனே என்று ஒரு வார்த்தை இல்லை. அவர் போனில் அந்த பேங்கின் எண் இருந்தது. போட்டார், பேசினார், இவரிடம் கொடுத்துப் பேசவைத்தார், கார்டை முடக்கினார். பெரும்பகுதி தப்பியது. போனது போனதுதான், கிடைத்தால் உண்டு என்று பேங்கில் புகார் எழுதிக்கொண்டார்கள். நான் அப்போதே சொன்னேனே என்று ஒரு சொல் சொல்லித் தொலைத்திருக்கலாம். பொறாமைப்படுவதற்குக்கூட அந்த மனிதரிடம் ஒரு குறை அகப்பட மாட்டேன் என்கிறது.

சாயங்காலம் ஆஸ்பத்திரியில் மாமனார் ஒரு கண்ணில் கட்டோடு படுத்திருந்தார். ஆபரேஷன் நல்லபடியாக முடிந்திருந்தது. பணத்தைப் பற்றிக் கேட்டார். நம்பர்க்காரர் வாயைத் திறப்பதற்குள் சகலை முந்திக்கொண்டார்.

"மாமா, அண்ணன்கிட்டேருந்து கார்டை வாங்கிட்டு நான்தான் போனேன். ஒருத்தன் மாத்திட்டான். கொஞ்சம் போயிடுச்சு. என் தப்புதான்."

அவருடைய மனைவி போனிலிருந்து தலையைத் தூக்காமலே, "ஊருக்கெல்லாம் உபதேசம்" என்றாள்.

மாமனார் கையை நீட்டிச் சின்ன மாப்பிள்ளையின் கையைத் தடவினார். "போனா போகுது விடுங்க. எவ்வளவு ஊர் சுத்தின மனுஷன், உங்களையே ஏமாத்திட்டானே! ஆனாலும் ஒளிக்காம சொன்னீங்க பாருங்க, அதுக்கு ஒரு மனசு வேணும். எல்லாருக்கும் வராது."

நம்பர்க்காரரின் மனைவி, "பாவம், காலைலேருந்து ஒண்ணும் சாப்பிட்டிருக்க மாட்டீங்க" என்று பிளாஸ்கைத் திறந்து முதல் டம்ளரைச் சகலைக்கு நீட்டினாள்.

அவ்வளவுதான். இவர் மானத்தைக் காப்பாற்றத்தான் சகலை அந்தப் பழியைச் சுமந்தார் என்பது நம்பர்க்காரருக்குத் தெரியாமல் இல்லை. வாயை மூடிக்கொண்டிருந்தால் மீசையில் மண் ஒட்டாமல் போயிருக்கும். ஆனால் ஏமாந்தது இவர், பாராட்டு அவருக்கா? செய்த முட்டாள்தனத்துக்குக்கூடப் பெயரை அவர்தான் வாங்கவேண்டுமா?

"ஏமாந்தது நான்!" என்று கத்தினார். அடுத்த கட்டில் நோயாளி திடுக்கிட்டு எழுந்தார். "இவர் அந்தப் பக்கமே வரலை. தனியாப் போனேன், கார்டை என் கையாலேயே எடுத்துக் குடுத்தேன். மூடித்தான் அமுக்கினேன். எப்படித் தெரிஞ்சுதுன்னு எனக்கே புரியலை."

மனைவி அவரைக் கூர்ந்து பார்த்தாள்.

"மூடினீங்க சரி. நம்பரைச் சொல்லிச் சொல்லி அமுக்கினீங்களா?"

நம்பர்க்காரர் விழித்த விழியைப் பார்த்து முதலில் மாமனார்தான் சிரித்தார். கட்டுப் போட்ட கண் வலிக்கிறது என்று முனகிக்கொண்டே சிரித்தார்.

மறுநாள் மருந்துக்குப் பணம் வேண்டியிருந்தது. மனைவி தையல் கூலியில் சேர்த்துவைத்த கணக்கின் கார்டு அவள் பையில் இருந்தது. பேங்குக்கு உள்ளேயே இருக்கிற மெஷினுக்கு நான்கு பேரும் போனார்கள். சகலை வழக்கம்போலக் கையை நீட்டினார், "குடுங்க அண்ணி, நான் எடுத்துத் தரேன்."

"வேணாம், இவரே எடுக்கட்டும்" என்று அவள் கார்டைப் புருஷன் கையில் வைத்தாள். அவர் காதோடு வாய் வைத்து எண்ணைச் சொன்னாள். அவர் பொத்தான்களை ஒரு கையால் மூடிக்கொண்டார். அவள் பக்கத்தில் ஒட்டி நின்று, அவர் வாயைத் தன் கையால் இறுக்கப் பொத்தினாள். அவள் விரல்களுக்கு உள்ளே அவர் உதடுகள் எண் எண்ணாக அசைந்தன. அவளுக்குக் கூச்சம் தாங்காமல் சிரிப்பு வந்தது. அவருக்கும் வந்தது.

பணத்தை எடுத்துக்கொண்டு திரும்பினார். சகலையின் மனைவி வாசலில் யாரிடமோ போனில் பேசிக்கொண்டிருந்தாள். சகலை மட்டும் கண்ணாடிக் கதவை ஒட்டி நின்று இவர்கள் இருவரையும் பார்த்துக்கொண்டிருந்தார். இவர் பார்த்ததும் சட்டென்று முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

நம்பர்க்காரருக்கு அந்த முகத்தை நன்றாகத் தெரியும். கல்யாணமான நாளிலிருந்து அவர் சுமந்துகொண்டு திரிந்த முகம்தான் அது.