அண்ணன் வெட்ட விடாத சங்கிலி

எங்கள் அண்ணன் ஆண்டவரிடம் போய்ச் சேர்ந்து ஓராண்டு முடிகிறது. அவருடைய நினைவுப் பூசைக்கு வந்து இந்த நினைவு மலரைக் கையில் வாங்கியிருக்கும் அனைவருக்கும் வணக்கம். அவர் நல்லவர் என்று எழுதித் தரச் சொன்னார்கள். நல்லவர்தான். அந்த நல்ல குணம் அவரை என்ன பாடு படுத்தியது என்பதையும் எழுதாவிட்டால் இது வெறும் தாள்.

முத்துப்பேட்டைக்கு வடக்கே, ஆற்றுத் தண்ணீர் கடைசியாக வந்து சேரும் ஊரில் பிறந்தார். அப்பா சீக்கிரம் போய்விட்டதால் பள்ளிக்கூடத்தை விட்டு ஏரைப் பிடித்தார். என்னை உள்ளூரிலேயே கட்டிக் கொடுத்தார். தம்பியை ஐ.டி.ஐ. படிக்க வைத்துச் சிங்கப்பூருக்கு அனுப்பினார். அவன் அங்கிருந்து ஆஸ்திரேலியாவுக்குப் போய், ஒரு கோதுமைப் பண்ணையில் மெஷின்களைப் பழுது பார்க்கிறான். இங்கே மாடுகள் போய் டிராக்டர் வந்தது. வெளிநாடு போனவர்களின் வயல்கள் ஒவ்வொன்றாக இறால் குட்டையாயின. குட்டைக்குப் பக்கத்து வயலில் உப்பு ஏறும், அதன்பிறகு நெல் வராது. எங்கள் நிலத்தில் அண்ணனுக்குப் பாதி, தம்பிக்குப் பாதி; இரண்டையும் அண்ணன்தான் உழுதார். தம்பி தன் பாதியைக் குட்டைக்குக் கொடுத்துவிடுவானோ என்பதுதான் அண்ணனின் ஒரே பயம். ஆனால் வாய் திறந்து "கொடுக்காதே" என்று அவனிடம் ஒருநாளும் சொன்னதில்லை.

தண்ணீர் நேரத்துக்கு வராததால் நாற்று நடுவதை நிறுத்திவிட்டு, காய்ந்த புழுதியில் நேரடியாக விதைக்கத் தொடங்கினோம். அதற்கு மண் பதமாக அமைய வேண்டும். டிராக்டரில் சட்டிக்கலப்பை போட்டால் தலையளவு மண்கட்டி பெயரும். விதை இடுக்கில் விழுந்து மேலே வராது. மண்ணைச் சுழற்றி அரைக்கும் ரோட்டவேட்டர் போட்டால் மாவாகிவிடும். ஒரு மழை பெய்தால் மேல்மண் இறுகி முளையை அமுக்கிவிடும். இரண்டுக்கும் நடுவே ஒன்று கிடைக்காதா என்று அண்ணன் போனில் புலம்பியபோது தம்பி ஒரு வீடியோ அனுப்பினான். கனத்த சங்கிலி, அதன் ஒவ்வொரு கண்ணியிலும் ஓர் இரும்பு வட்டு. டிராக்டர் இழுக்க இழுக்க வட்டுகள் உருண்டு கட்டியை உடைத்து, மேல்மண்ணை மட்டும் கீறிச் சமன் செய்துகொண்டே போகின்றன. அண்ணன் அதைத் திரும்பத் திரும்பப் பார்த்தார்.

கோயம்புத்தூர்ப் பக்கம் ஒரு பட்டறையில் சொல்லி அதைச் செய்து அனுப்புவதாகத் தம்பி சொன்னான். என்ன அகலம், என்ன கனம் என்று கேட்டு அடிக்கடி போன் வரும். ஒருநாள் பக்கத்தில் இருந்த நான் போனை வாங்கினேன்.

"நம்ம வயலுக்குச் சின்னதா, லேசா இருந்தாப் போதும்டா" என்றேன்.

"லேசா இருந்தா நம்ம களிமண்ணு மேல துள்ளிக்கிட்டுப் போவும்க்கா. கனம் வேணும். நல்ல அகலமாவும் இருந்தாத்தான் வேலை சட்டுனு முடியும்."

"அதை இழுத்துக்கிட்டு எங்கடா திரும்புறது? ஒங்க பண்ணையிலயா?"

அண்ணன் போனை வாங்கி, "நீ சொல்றபடியே செய்யிப்பா" என்று முடித்துவிட்டார்.

எனக்குக் கோபம் தாங்கவில்லை. "வேணாம்னு தெரிஞ்சும் ஏண்ணே சரின்னீங்க?"

"அவன் போயி எத்தனை வருஷமாச்சு பாப்பா. இப்பத்தான் நம்ம மண்ணு எப்படியிருக்கு, எவ்வளவு ஆழம் வெடிச்சிருக்குன்னு கேக்குறான். வேணாம்னு சொல்லி அவன் வாயை அடைக்கச் சொல்றியா?"



சங்கிலி லாரியில் வந்து இறங்கியது. டிராக்டர் ஓட்டும் செல்வம் அதைச் சுற்றி வந்து பார்த்துவிட்டு, "அண்ணே, இதை இழுத்துக்கிட்டுத் திரும்பணும்னா திருவாரூரு போயித்தான் திரும்பணும்" என்றார். அண்ணன் சிரித்தார். மறுநாள் மண்வெட்டியை எடுத்துக்கொண்டு போய் வயலுக்கு நடுவே இருந்த வரப்புகளை வெட்டிச் சாய்த்தார். கலப்பைக்காக வரப்பை எடுத்தவர் எங்கள் பக்கத்தில் அவர் ஒருவர்தான். "எல்லாத் தாக்கும் ஒரே மட்டமாண்ணே?" என்று வயலில் நின்று கத்தினேன். வரப்புக்கு உள்ளே இருக்கும் துண்டு வயலைத்தான் தாக்கு என்போம்; ஒன்று மேடாக இருக்கும், ஒன்று பள்ளமாக இருக்கும். "ஒரு போகம் பாப்போம்" என்றார்.

பொய் சொல்லக் கூடாது. உழவு அழகாக அமைந்தது. காலை வைத்தால் மண் மெத்தென்று இருந்தது. அண்ணன் படம் எடுத்துத் தம்பிக்கு அனுப்பினார். "சூப்பர்ண்ணே" என்று பதில் வந்தது. அன்று முழுக்க அதை வருகிறவர் போகிறவருக்கெல்லாம் காட்டிக்கொண்டிருந்தார்.

விதை போட்ட பிறகு மழை கொட்டியது. தடுக்க வரப்பு இல்லை. மேட்டில் விழுந்த தண்ணீரெல்லாம் பள்ளத்துக்கு ஓடி அங்கேயே நின்றது. பள்ளத்து விதை அழுகியது. மேட்டில் முளைத்தது, மழை விட்ட பிறகு ஈரம் நிற்காமல் கருகியது. நாங்கள் பார்த்துக்கொண்டு நின்றோம். வேறு ஒன்றும் செய்ய முடியவில்லை.

"வெல்டிங் கடையில வச்சுப் பாதியா வெட்டிட்டா வரப்புக்குள்ளயே ஓட்டலாம்ணே" என்றார் செல்வம்.

"வேணாம்ப்பா. அவன் வந்து பாக்குறப்ப முழுசா இருக்கட்டும்."

தம்பியிடம் போனில், "வெள்ளாமை பரவால்லப்பா" என்றார். பிறகு வரப்புகளைத் தன் கையாலேயே மறுபடி கட்ட ஆரம்பித்தார். அண்ணி திட்டினார், நான் திட்டினேன், கேட்கவில்லை. தன் பாதிக்கும் தம்பி பாதிக்கும் நடுவரப்பைக் கட்டிக்கொண்டிருந்தபோது நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தார். காரில் என் மடியில்தான் தலை இருந்தது. "தம்பிகிட்ட வரப்பு விஷயத்தைச் சொல்லிடாத பாப்பா" என்றார். ஆஸ்பத்திரி போய்ச் சேரவில்லை.

இவ்வளவு நாளும் சொல்லவில்லை. இப்போது அச்சிலேயே போட்டுவிட்டேன்.

வயலிலிருந்து அவரைத் தூக்கி வந்த செல்வத்துக்கும், கார் கொடுத்த பக்கத்து வீட்டாருக்கும், கல்லறை வரை மழையில் நனைந்து வந்த பங்குச் சாமியாருக்கும், அண்ணிக்குத் துணையாக வந்து படுத்திருந்த பெண்களுக்கும் எங்கள் குடும்பத்தின் நன்றி. வெளிநாட்டிலிருந்து போனில் அழுதவர்களுக்கும் நன்றி.

தம்பி, இந்த மலர் உனக்கும் வரும். உன் பாதியை இறால்காரர்களுக்குக் கொடுக்கப்போவதாகவும், சங்கிலியைப் பழைய இரும்புக்குப் போட்டுவிடச் சொல்லியும் பேசினாய். சங்கிலி கொட்டகையில் முழுசாகத்தான் கிடக்கிறது. மழை படாமல் அண்ணி தார்ப்பாய் போட்டு மூடி வைத்திருக்கிறார். செல்வம் வெட்டித் தரக் காத்திருக்கிறார். நீ வந்து பார்க்காமல் அதில் கைவைக்க விடமாட்டேன் என்கிறார் அண்ணி. அதனால் இந்த வருஷம் புழுதி உழவும் நடக்கவில்லை.

ஒரு தடவை வந்து பார்த்துவிட்டுப் போ. அதன்பிறகு உன் பாதியை என்ன வேண்டுமானாலும் செய்துகொள். உன்னைத் தடுக்க எங்களிடம் எதுவும் இல்லை. அண்ணனிடமும் இருந்ததில்லை.

– தங்கை