வாசல் சட்டத்தில் சாக்பீஸ் எழுத்து

ஜனவரி இரண்டாவது வாரம், வுப்பர்டாலில் தோழி வீட்டுக்குப் போய்விட்டுத் திரும்பியபோது, நான் குடியிருக்கும் வீட்டு வாசலுக்கு மேலே யாரோ சாக்பீஸால் எழுதியிருந்தார்கள். முன்னால் 20, பின்னால் 26, இடையில் C, M, B என்று மூன்று எழுத்துகள், நடுநடுவே கூட்டல் குறிகள். பாதியில் விட்டுப்போன சமன்பாடு மாதிரி இருந்தது. பெட்டியை உள்ளே வைக்காமலேயே தெருவைப் பார்த்தேன். மருந்துக்கடை வாசலில் அதே எழுத்து. பழைய நகர மண்டபத்தில் அதே எழுத்து. முடிதிருத்தும் கடையில் மட்டும் இல்லை. அது புதுக் கட்டடம்.

நான் படிப்பது ஜெர்மனியில், பான் நகரில். அங்கே அறை கிடைக்காமல், ரயிலில் அரை மணி தள்ளி, ரைன் கரையில் இருக்கும் இந்தச் சின்ன ஊரில் வந்து மாட்டினேன். மாட்டினேன் என்பது பொய். முதல் நாளே மயங்கிவிட்டேன். மரச்சட்டங்களுக்கு நடுவே களிமண் அடைத்துக் கட்டிய வீடுகள், ஒன்றின் தோளில் ஒன்று சாய்ந்துகொண்டு நிற்கும். எந்தக் கட்டை எதோடு சேரும் என்பதற்காக அந்தக் காலத்துத் தச்சர்கள் சட்டங்களில் ரோமன் எண்களை வெட்டி வைத்திருக்கிறார்கள். ரொட்டிக்கடைக்குப் போகிற சாக்கில் சந்து சந்தாக அந்த எண்களைத் தேடி அலைவேன். திரைச்சீலைகள் லேசாக விலகும். அடுத்தவர் சுவரை ஐந்து நிமிடம் உற்றுப் பார்க்கிறவளை யார்தான் நம்புவார்கள்?

வீட்டுக்கார அம்மாவும் நம்பவில்லை. கீழ்த்தளத்தில் இருக்கிறார், பள்ளி ஆசிரியை. நான் ரசம் வைத்தால் சட்டங்களில் ஈரம் ஏறுகிறது என்று அவருக்குச் சந்தேகம். வாரம் ஒருமுறை ஏதாவது காரணம் சொல்லி மேலே வந்து, பேச்சோடு பேச்சாக ஜன்னல் ஓரத்தைத் தடவிப் பார்ப்பார். என் ஒப்பந்தம் ஆறு மாதத்துக்குத்தான், மார்ச்சில் முடிகிறது. நீட்டிப்பீர்களா என்று டிசம்பரில் கேட்டதற்கு, "பார்க்கலாம்" என்றார்.

அந்தப் "பார்க்கலாம்" இப்போது எனக்குப் புரிந்துவிட்டது. இருபதும் இருபத்தாறும் சேர்ந்தால் இந்த வருடம். B என்றால் ஜெர்மனில் பௌ, அதாவது கட்டுமானம். M என்றால் மாஸ்நாமே, நடவடிக்கை. C மட்டும் ஒத்துவரவில்லை, அதை விட்டுவிட்டேன்.

எங்கள் ஊரில் சாலையை அகலப்படுத்த வந்தபோதும் இப்படித்தான். அளவெடுக்க வந்தவர்கள் சுவரில் சிவப்புப் பெயின்டில் ஒரு அம்பும் எண்ணும் போட்டார்கள். கேட்டால், "சும்மா சர்வேக்கு." மூன்றே மாதத்தில் எங்கள் முன்னறை பாதியாகிவிட்டது. எதிர்வீட்டு டெய்லர் மட்டும் அன்றைக்கே குறியின் மேல் சுண்ணாம்பு அடித்துவிட்டார். புல்டோசர் அவர் வீட்டைத் தாண்டிப் போனது. தற்செயல் என்பாள் அம்மா. நான் அதை நம்பியதில்லை.

வீட்டுக்கார அம்மா பள்ளியில் இருந்த நேரம். நாற்காலி போட்டு ஏறி, பாத்திரம் தேய்க்கும் ஸ்பாஞ்சை நனைத்துத் துடைத்துவிட்டேன்.

மறுநாள் அவர் மேலே வந்தார். ஜன்னல் பக்கம் போகவே இல்லை.

"வாசலில் இருந்ததை நீங்களா அழித்தீர்கள்?"

"எதை?" என்றேன்.

"பிடிக்காவிட்டால் என்னிடம் சொல்லியிருக்கலாம்" என்று இறங்கிப் போய்விட்டார்.

வீட்டை இடிப்பது யாருக்குப் பிடிக்கும்? வுப்பர்டால் தோழியை போனில் பிடித்தேன். யாழ்ப்பாணத்திலிருந்து அகதிகளாக வந்தவர்களின் மகள், பிறந்து வளர்ந்தது எல்லாம் இங்கேதான்.

"உனக்கு விசரே?" என்றாள். "அது சாமிக் காரியமடி. பிள்ளையள் குழந்தை யேசுவைப் பாக்க வந்த மூண்டு ராசாக்கள் மாதிரி வேசம் போட்டு, வீடு வீடாப் பாடி, வாசல்லை ஆசீர்வாதம் எழுதிப்போட்டுப் போறவை."

"சும்மா சொல்லாதே. அப்ப B?"

"லத்தீனிலை ஆசீர்வாதம். பள்ளிக்கூடத்திலை நானே ராசாவாப் போனனான். கறுப்பு ராசாவுக்கு என்னைத்தான் பிடிச்சவை, முகத்திலை பூசுற மை மிச்சம் எண்டு."

"அப்ப நான் அழிச்சது..."

"ஆசீர்வாதத்தைத்தான். அதுவும் பாத்திரம் கழுவிற ஸ்பொஞ்சாலை. ஓம், இனி உனக்கு வீடு தருவினம்."

அவள் சிரித்து முடிப்பதற்குள் எனக்கு உறைத்துவிட்டது. அவை கூட்டல் குறிகள் அல்ல, சிலுவைகள். நான் இந்து என்பதால் வேண்டுமென்றே அழித்தேன் என்று அந்தம்மா நினைத்திருக்கிறார். சட்டத்தில் ஈரம் ஏறுவதைவிட இது மோசம்.

கீழே போய்த் தட்டினேன். சங்கிலியை எடுக்காமலே கதவைத் திறந்தார். பொய் சொன்னேன் என்பதிலிருந்து தொடங்கினேன். சிவப்பு அம்பு, டெய்லர், பௌ, எல்லாம் சொன்னேன். வேகமாகப் பேசினால் என் ஜெர்மனில் இலக்கணம் உதிர்ந்துவிடும். அன்று மிச்சமே இல்லை. பாதி அறையோடு நிற்கும் எங்கள் வீட்டுப் படத்தை போனில் காட்டினேன். வெட்டுப்பட்ட சுவரில் காலண்டர் மாட்டிய ஆணி இன்னும் தெருவைப் பார்த்து நீட்டிக்கொண்டிருக்கும். அவர் படத்தைப் பெரிதாக்கி அந்த ஆணியைப் பார்த்தார். அப்புறம்தான் சங்கிலியை எடுத்தார்.

"இவை அரசு பாதுகாக்கும் பழைய வீடுகள், இந்தத் தெருவை யாரும் இடிக்க முடியாது. ஒரு ஜன்னல் மாற்றுவதற்கே எனக்கு அனுமதி கிடைக்கவில்லை."

"அந்த ஆசீர்வாதம் சர்ச்சில் ஸ்டிக்கராகவும் கிடைக்குமாம். வாங்கி வரட்டுமா?"

"அந்தக் கட்டையில் பசையா?" முகம் சுருங்கியது. "வேண்டாம். அடுத்த ஜனவரியில் பிள்ளைகள் வருவார்கள். நீங்களே கதவைத் திறந்து எழுதச் சொல்லுங்கள்."

அடுத்த ஜனவரி மார்ச்சைத் தாண்டி வெகுதூரம். ஒப்பந்தத்தை நீட்டித்து எழுதித் தருவீர்களா என்று கேட்டேன்.

"என் மேல் நம்பிக்கை இல்லையா?"

"இல்லை" என்றேன். முதல் முறையாகச் சிரித்தார்.

மறுநாளே தாளோடு மேலே வந்தார். நான் ஒவ்வொரு வரியாக இரண்டு முறை படித்துக் கையெழுத்துப் போட்டேன். அதுவரை அவர் ஜன்னல் ஓரத்தைத் தடவிக்கொண்டிருந்தார்.